நீல் தீவுக்கு மூன்று ராத்திரி

போர்ட் பிளேரில் இறங்கியதும் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் தமிழர். தாத்தா காலத்திலேயே அங்கே வந்துவிட்ட குடும்பமாம். எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஹேவ்லாக்குல மூணு, நீல்ல ஒண்ணுன்னு எல்லாரும் போடுவாங்கக்கா. நீங்க திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டோம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல பயண முடிவை நான் எடுத்ததே இல்லை!

அந்தமானில் தீவுகள் நூற்றுக்கணக்கில். கையில் இருந்ததோ ஆறே நாள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஆனால் போய் இறங்கிய பிறகு எந்தத் தீவை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் பயணமே இருக்கிறது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளை நாங்கள் விட்டுவிட்டோம். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. அவர்கள் வீட்டு வாசல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. டிக்லிப்பூருக்கும் சாலைவழி அதுதான், தூரமும் அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை: ராஸ் என்ற பெயரில் இரண்டு தீவுகள் உண்டு. மணல் திட்டால் ஸ்மித் தீவோடு ஒட்டிக்கொண்டிருப்பது டிக்லிப்பூர்ப் பக்கத்து ராஸ். போர்ட் பிளேருக்கு எதிரே இருப்பது இன்னொன்று. 2018இல் நேதாஜி பெயர் சூட்டினார்களே, அது.

அந்த எதிர்க்கரை ராஸைத் தவறவே விடாதீர்கள். ஆங்கிலேயர்கள் அந்தமானை ஆண்ட தலைமையிடம். 1941இல் நிலநடுக்கம், 1942இல் ஜப்பானியப் படை, அதோடு எல்லாம் முடிந்தது. இன்றைக்கு அந்த மாளிகைகளுக்குக் கூரை கிடையாது. சுவர்களை ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்து நிற்கின்றன. ஜன்னல் இருந்த இடத்தில் வேரே சட்டம் போட்டிருக்கிறது! மான்கள் நம் பக்கத்திலேயே வந்து மேய்கின்றன. அரை நாள் போதும், மனசில் நெடுநாள் நிற்கும்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. நேரில் பார்த்தபோது அதுகூடக் குறைவாகத்தான் பட்டது. வானுயர்ந்த மரங்கள் மணல் விளிம்பு வரை வந்து நிற்கின்றன. காட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் அலை. கிழக்கே தள்ளியிருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான் என்பதால் குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

அங்கிருந்து நீலுக்கு அரசுக் கப்பலில் போனோம். தனியார் படகில் வேகமும் குளிர்சாதனமும் உண்டு. அரசுக் கப்பலில் மேல்தளம் உண்டு! கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கப்பல் கிழிக்கும் தண்ணீரிலிருந்து கோலா மீன்கள் வெள்ளிக் காசை வீசியெறிந்ததுபோல் கிளம்பி, நெடுந்தூரம் பறந்து, மறுபடி நீரில் செருகிக்கொண்டன. பக்கத்தில் நின்ற குழந்தைகள் போட்ட கூச்சலில் என் குரலும் இருந்தது.

நீல் சின்னஞ்சிறு தீவு. வாடகை சைக்கிளில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயிகளின் ஊர். கத்தரி, பாகல், வெண்டை என்று வழியெல்லாம் தோட்டம். ஊர்களுக்கோ பரத்பூர், சீதாபூர், ராம்நகர், லட்சுமண்பூர் என்று ராமாயணப் பெயர்கள்!

நாங்கள் லட்சுமண்பூரின் பவளப்பாறைக் கரைக்குப் போனது தை அமாவாசைக்கு முந்தின நாள். இது தற்செயல்தான், ஆனால் இனி நான் தினசரி நாள்காட்டியைப் பார்க்காமல் அந்தமானுக்கு டிக்கெட் போடமாட்டேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக உள்வாங்கும். பிற்பகலில் தண்ணீர் வடிய வடிய, பாறைத் தரை ஒன்று மெல்ல வெளியே வந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் கண்ணாடித் தண்ணீர். வழிகாட்டி, ஒரு வங்காளி தாத்தா, என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இது வழுக்கும் அம்மா, பிடிப்புள்ள ரப்பர் செருப்பு வேண்டும்" என்று இந்தியில் சொல்லி, தம் மகளுடையதைக் கழற்றித் தந்தார். உயிருள்ள பவளத்தின் மேல் மட்டும் கால் பட்டுவிடக் கூடாது என்று அடிக்கு அடி காட்டிக்கொண்டே நடந்தார்.

ஒரு பள்ளத்தருகே குந்தச் சொன்னார். பாறைக்குள் புதைந்து ஒரு பெரிய சிப்பி. அதன் உதடுகள் மட்டும் வெளியே. நல்ல ஊதா, ஓரத்தில் மயில்பச்சைப் புள்ளிகள், காஞ்சிப் பட்டின் கரை மாதிரி. தாத்தா கையை அதன் மேலே நீட்டினார். தொடவில்லை, நிழல்தான் விழுந்தது. வெடுக்கென்று உதடு சுருங்கிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மடிப்பு மடிப்பாக அந்த ஊதா மறுபடி விரிந்தது. என் நிழலுக்கும் ஓர் உயிர் பதில் சொல்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துப் பள்ளத்தில் கடல் அட்டை, பாறை இடுக்கிலிருந்து கையை மட்டும் நீட்டும் நட்சத்திர மீன், விரல் நகமளவு நீல மீன்கள்... இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறவர்களுக்கு, கப்பல் நேரமும் கடல் வடியும் நேரமும் ஒத்துவந்தால்தான் இது வாய்க்கும். நாங்கள் மூன்று நாளும் போனோம், மூன்று நாளும் அதே சிப்பியைப் பார்த்தோம்.

வரும் மாசி அமாவாசையை ஒட்டி நீலில் நான்கு ராத்திரிக்கு அறை பதிவு செய்தாகிவிட்டது. இந்த முறை அம்மாவும் வருகிறாள். அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கிவிட்டேன். தாத்தாவின் மகளுக்கும் புதிதாக ஒரு ஜோடி.