பார்ன்ஸ் பிளேஸில் ஓர் ஓவியர் வீடு

கொழும்பில், புதுக்கடை நீதிமன்றச் சந்தடியிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, பார்ன்ஸ் பிளேஸில் பழைய ஓட்டு வீடொன்று உண்டு. ஓவியர் ஹரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்த வீடு.

லண்டன் ரோயல் கலைக் கல்லூரி, பாரிஸ், பிறகு சாந்திநிகேதன் என்று கற்றும் கற்பித்தும் வந்தவர். நிலக்காட்சிகளும் தீட்டினார், ஆனால் மனம் ஊன்றியது உருவப்படங்களில்தான். அவற்றில் ஆடம்பரம் இல்லை. எதிரே அமர்ந்தவரின் முகத்தில் தேங்கும் அமைதியே போதும் என்பதுபோல் தூரிகை அடங்கி நடக்கிறது. அந்த அடக்கம் அபூர்வமானது.

1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வீட்டில் ஓவியர்கள் கூடி '43 குழு' உருவானது. அதன் ஓவியர்களான ஜோர்ஜ் கீற்றும் ஜஸ்டின் தெரணியகலவும் உருவங்களை உடைத்துப் பாய்ந்தார்கள். குழுவின் செயலாளரான பீரிஸ் நிதானம் விடவில்லை. தோழர்களின் படங்களையும் ஆசையோடு சேர்த்தார்.

அந்தச் சேகரிப்புக்காகவே 1974இல் தன் வீட்டைச் சபுமல் மன்றமாக்கினார். அவரிடம் பயின்ற ரிச்சர்ட் கேப்ரியலின் படங்களும் அங்கே உள்ளன.