சேர்க்கை சரியில்லை: ‘தாய்’, ‘குருதிப்புனல்’ – ஒரு மறுவாசிப்பு

சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, “தாத்தா, நீங்க எப்படி லெஃப்ட் ஆனீங்க?” என்று கேட்டாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். ஐம்பது வருடங்களாக எல்லோருக்கும் சொல்லிவரும் பதிலையே அவளுக்கும் சொன்னேன். “கார்க்கியோட ‘தாய்’ நாவல் படிச்சேன்மா. அதுலதான்.”

“நானும் இங்கிலீஷ்ல படிச்சேனே தாத்தா. எனக்கு ஒண்ணும் ஆகலியே!”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அலமாரியிலிருந்து தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’ நாவலை எடுத்தேன். கூடவே இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலையும் எடுத்துவைத்தேன். இக்கட்டுரை அந்த மறுவாசிப்பின் விளைவு. “மலருக்கு அரசியல் வேண்டாம் சார்” என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். இது இலக்கியம்தான் என்று அவர்களுக்கு உறுதி கொடுத்திருக்கிறேன்.

ஒருவன் இடதுசாரி ஆவது எப்படி? நம் குடும்பங்களில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, “கண்டதைப் படிச்சுக் கெட்டுப் போயிட்டான்.” மற்றொன்று, “சேர்க்கை சரியில்லை.” கட்சி மேடையில் மூன்றாவது விளக்கம் கிடைக்கும்: பசித்தவன் சிவப்பாவான். பசி மட்டுமே போதும் என்றால் நம் நாட்டில் பாதிப் பேருக்குமேல் என்றோ சிவப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்பது கண்கூடு. எஞ்சிய இரண்டில் எது சரி? இரண்டு நாவல்களையும் இந்தக் கேள்வியோடு அணுகலாம்.

தாய்: தேநீர் மேசையில் ஒரு பாடம்

1902 மே தினத்தன்று ருஷ்யாவில் சோர்மவோ என்னும் தொழில் ஊரில் நடந்த ஊர்வலத்தில் கொடி பிடித்துக் கைதானவர் பியோத்தர் சலோமவ். அவரையும் அவர் அன்னையையும் மனத்தில் வைத்துக் கார்க்கி 1906-ல் எழுதியது ‘தாய்’. மகன் பாவெல் புரட்சிக்காரன் ஆவதை நாவல் சில பக்கங்களிலேயே முடித்துவிடுகிறது. குடிக்க ஆரம்பித்தவன் குடியை விடுகிறான், புத்தகம் கொண்டுவருகிறான், “இவை தடை செய்யப்பட்ட புத்தகங்கள்” என்று தாயிடம் சொல்கிறான். அவ்வளவுதான். கார்க்கியின் அக்கறை அவனிடம் இல்லை. எழுத்தறியாத, கணவனிடம் வாழ்நாளெல்லாம் அடி வாங்கிய நீலவ்னாவிடம்தான் அவர் நிதானமாக நிற்கிறார்.

மகனின் தோழர்கள் முதன்முறையாக வீட்டுக்கு வரும் மாலையை மறுபடி படித்துப் பாருங்கள். பயங்கரமான ஆட்கள் வரப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அந்த அம்மாள். முதலில் வருபவன் அந்திரேய். அவன் பேசும் முதல் விஷயமே அவள் நெற்றித் தழும்பைப் பற்றியது. யார் அடித்தது என்று பரிவோடு கேட்கிறான். தன்னை வளர்த்த தாய்க்கும் அப்படியொரு தழும்பு இருந்தது என்கிறான். முதலில் அவளுக்குக் கோபம் வருகிறது. பிறகு கோபம் கரைகிறது. வாழ்க்கையில் அதுவரை ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அப்புறம் சமோவாரில் தேநீர் கொதிக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், வாதாடுகிறார்கள். பேச்சு அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை என்பது புரிந்துவிடுகிறது.

அவள் செய்யும் முதல் ‘அரசியல்’ காரியமும் கவனிக்கத்தக்கது. சதுப்பு நிலத்தை வடிக்கவென்று தொழிலாளரின் கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்க நிர்வாகம் முடிவு செய்கிறது. அதை எதிர்த்த பாவெல் சிறை செல்கிறான். அவன் உள்ளே இருக்கும்போதும் தொழிற்சாலையில் துண்டுப் பிரசுரம் நடமாடினால், அது அவன் வேலை அல்ல என்று ஆகும் அல்லவா? சாப்பாடு விற்கும் பெண்ணாக உள்ளே போய்ப் பிரசுரங்களைச் சேர்ப்பிக்கிறாள் தாய். இதில் கொள்கை எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்க பெற்ற மனம். தன் மகனுக்காக ஆரம்பித்தவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊரார் மகன்களுக்காகவும் நடக்கத் தொடங்குகிறாள். அவள் அந்திரேயிடம் எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்வதெல்லாம் இதற்குப் பிறகுதான். நம்பிக்கை முதலில் வந்தது, எழுத்து பின்னால் வந்தது.

குறை இல்லாத நாவல் அல்ல இது. பிற்பகுதியில் வருகிறவர் போகிறவர் எல்லாம் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். சந்தேகம் என்பதே இல்லாத மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் அந்தத் தேநீர் மேசைக்கு இன்றும் வயதாகவில்லை.

குருதிப்புனல்: நம்மில் ஒருவன்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் போதித்தவர் இந்திரா பார்த்தசாரதி. 1975-ல் வெளிவந்து, 1977-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘குருதிப்புனல்’, கீழ்வெண்மணிக் கொடுமையைப் பின்புலமாகக் கொண்டது. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

நாவலின் கோபால் தில்லி வாழ்க்கையை உதறிவிட்டுத் தஞ்சைக் கிராமத்தில் தங்கியவன். அவனைத் தேடித் தில்லியிலிருந்து வரும் நண்பன் சிவா. இருவரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். கரோல்பாக் மெஸ்ஸில் சாம்பார் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் இடையே உலகத்தைத் திருத்திய எத்தனையோ கோபால்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

நீலவ்னாவுக்கு மனிதர்கள் கிடைத்தார்கள், சொற்கள் இல்லை. கோபாலிடம் சொற்கள் நிறைய இருக்கின்றன; அவன் தேடுவது மனிதர்களை. இந்தத் தவிப்பை இந்திரா பார்த்தசாரதி அளவுக்கு நேர்மையாகக் காட்டிய தமிழ் நாவல்கள் குறைவு. படித்தவனின் மனச்சாட்சி, அவனது கையாலாகாத்தனம், அவன் தன்னையே கிண்டல் செய்துகொள்வது எல்லாம் இதில் உண்டு. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு உடற்குறை, மனவியல் என்று காரணம் தேடியதற்காக இடதுசாரிகள் இந்நாவலைக் கடுமையாகத் தாக்கினார்கள். வர்க்கப் போரைத் தனிமனிதனின் நோயாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு.

என் மனக்குறை வேறு. கோபாலும் சிவாவும் கிராமத்துக்கு வந்தபின்னும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். குடிசைக்குள் இருந்தவர்கள் எப்படிச் செங்கொடிக்கு வந்து சேர்ந்தார்கள்? முதுகில் சவுக்கு விழுந்த ஒருவன் “இனி முடியாது” என்று சொன்ன நாள் எது? அவனுக்குப் பக்கத்தில் அன்று நின்றவன் யார்? அந்தக் கதை நாவலுக்கு வெளியே நின்றுவிட்டது. தில்லியிலிருந்து போனவன் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலும்.

அதே தஞ்சை மண்ணில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. தென்கன்னட மாவட்டத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் 1943-ல் தஞ்சைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அந்தத் தமிழை வைத்துக்கொண்டே சேரிகளில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, 1961-ல் இறக்கும்வரை விவசாயத் தொழிலாளர்களோடு வாழ்ந்தார். சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும் நிறுத்தவைத்த போராட்டங்களில் அவர் பங்கு பெரிது. வேற்று மொழிக்காரர்களிடையே பிழைக்க வந்த நமக்கு, அவர் அங்கே பட்டிருக்கக்கூடிய சங்கடம் கொஞ்சம் புரியும்.

நம்பிக்கை வருவதைப் போலவே போவதும் உண்டு. ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999) நாவலில் தொழிற்சங்கத் தலைவன் அருணாசலம், வீரபத்திர பிள்ளை என்ற மறக்கடிக்கப்பட்ட தோழரின் எழுத்துகளைப் படித்து நிலைகுலைகிறான். ஸ்டாலின் கொன்ற புகாரினின் நிழல் அவன்மேல் விழுகிறது. ‘தாய்’ நாவலைக் கொண்டாடிய அரசே எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைத் தின்றது என்பதை என் தலைமுறை காலங்கடந்துதான் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் இல்லாத இடதுசாரி நம்பிக்கை வெறும் பக்திதான்.

ஒரு கடிதம்

இனி என் கதை. 1973-ல் ஓக்லாவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் ஸ்டெனோவாக இருந்தேன். பவர் பிரஸ்ஸில் வேலை செய்த கோரக்பூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் எனக்கு நண்பர். மத்தியான டீக்கு என்னைக் கூப்பிட்டுக்கொள்வார். என் இந்தியைத் திருத்தியவரே அவர்தான். ஒரு நாள் பிரஸ்ஸில் அவருடைய வலது கை விரல்கள் மூன்று போயின. இரண்டு நாள் கழித்து முதலாளி டிக்டேஷன் கொடுத்தார். அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். தேதி மட்டும் விபத்துக்குப் பத்து நாள் முந்தியது. நஷ்டஈடு கேட்க முடியாதபடி ஏற்பாடு. டைப் அடித்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

கட்டுப்போட்ட கையோடு அவர் வந்தார். இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தை என்னிடமே நீட்டி, “பேட்டா, இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு” என்றார். அவர் கற்றுக்கொடுத்த இந்தியில் படித்துச் சொன்னேன். அடித்தது நான்தான் என்று சொல்லவில்லை. இடது கையால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டேன். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, சிறைப்பட்ட தொழிலாளர் குடும்பங்களுக்காக உண்டியல் குலுக்கியவர்களோடு நானும் தெருத்தெருவாக நடந்தேன். ‘தாய்’ நாவலை என்.சி.பி.எச். கடையில் வாங்கியது அதற்குப் பிறகு, விடுமுறையில் ஊருக்குப் போனபோது. இத்தனை வருடமாக வரிசையை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகத்தைக் காரணமாகச் சொன்னால் கௌரவமாக இருக்கிறது. கடிதத்தைச் சொன்னால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

புத்தகம் வீண் என்று சொல்லவரவில்லை. நீலவ்னாவின் தழும்பைப் படித்தபோது அந்த மூன்று விரல்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது; என் வெட்கத்துக்குப் போகும் திசை கிடைத்தது. ஆனால் புத்தகம் வரும் முன்பே டீ குடிக்கக் கூப்பிட ஓர் ஆள் வந்திருக்க வேண்டும். ஆக, என் அப்பா ஊரிலிருந்து இன்லண்ட் லெட்டரில் “உனக்குச் சேர்க்கை சரியில்லை” என்று எழுதியது திட்டாக இருந்தாலும், விமர்சனம் என்ற வகையில் சரியானதே.

பேத்திக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவர் பேர் என்ன தாத்தா?” என்று கேட்டாள். சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.