எப்போதாவது கட்டும் வாட்சுக்கு சர்வீஸ் தேவையா?

சாவி கொடுத்து ஓடும் வாட்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் இட வேண்டும் என்பது வாட்ச் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. இரவும் பகலும் ஓடும் வாட்சை வைத்து ஏற்பட்ட விதி அது. ஆண்டில் சில விசேஷங்களுக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் வாட்சுக்கும் அதையே அப்படியே பொருத்துவது சரிதானா என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு உரியது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்.எம்.டி. 1961-இல் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் போன்ற அதன் வாட்சுகள் ஒரு தலைமுறைக்கு மாப்பிள்ளைச் சீராகவும் முதல் சம்பளத்தின் அடையாளமாகவும் இருந்தன. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்கி, ஓசூரில் ஆலை அமைத்தன. அங்கிருந்து வந்த பேட்டரி வாட்சுகள் கைகளைப் பிடித்துக்கொள்ள, சாவி வாட்சுகள் பீரோவுக்குள் போயின. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பீரோவில் இருக்கும் வாட்சுக்கு இன்று புதிய அசல் உதிரி பாகம் எளிதில் கிடைக்காது. சர்வீஸ் பற்றிய எந்த முடிவும் இந்த உண்மையை ஒட்டியே எடுக்கப்பட வேண்டும்.

எண்ணெய் ஏன் தேவை என்பதை ஜனதா போன்ற ஒரு வாட்சின் உள்ளே பார்த்தால் விளங்கும். சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது தளரும் விசை பல்சக்கரங்கள் வழியாகப் போய் பேலன்ஸ் வீலை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அந்த ஆட்டம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து. ஒரு நாளில் 4,32,000. ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓடினால் 15 கோடிக்கு மேல். சக்கரங்களின் எஃகு அச்சு முனைகள் மயிரிழை பருமனே கொண்டவை. அவை செயற்கை மாணிக்கக் கற்களின் குழிகளில் சுழல்கின்றன. வாட்ச் முகப்பில் ‘17 ஜூவல்ஸ்’ என்று எழுதியிருப்பது குறிப்பது இந்தக் கற்களைத்தான். ஒவ்வொரு குழியிலும் இருக்கும் எண்ணெய், ஊசி முனையில் எடுத்து வைத்த ஒரு பொட்டு அளவுதான். அது வற்றினால் கல் தேயாது. எஃகு அச்சுதான் தேயும். தேய்ந்த துகளும் உறைந்த எண்ணெயும் கலந்து, பட்டைச் சீலை போல அச்சை மேலும் அரிக்கும்.

இந்தத் தேய்மானத்தில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று ஓட்டக் கணக்கு, மற்றது காலக் கணக்கு. ஒரு முறை சாவி கொடுத்தால் சுமார் 40 மணி நேரம் ஓடும் வாட்சை மாதம் ஒரு நாள் கட்டினால், ஆண்டுக்கு 480 மணி நேரம் ஓடும். பத்து ஆண்டுகளில் அது ஓடியது மொத்தம் 200 நாள். தினமும் கட்டும் வாட்ச் இதை ஏழு மாதத்துக்குள் கடந்துவிடும். ஓட்டக் கணக்குப்படி ஐந்தாண்டு விதி இந்த வாட்சுக்கு அர்த்தமற்றது. ஆனால் எண்ணெய் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. சும்மா இருந்தாலும் வற்றும், இடம் பெயரும், பிசினாகும். பழைய எண்ணெய்கள் இதில் மோசம், இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதல் காலம் தாங்கும். எண்ணெய் வற்றியபின்னும் ஓடாமல் கிடக்கும் வாட்ச் தேய்வதில்லை. சாவி கொடுத்த பிறகுதான் சேதம் தொடங்குகிறது.

குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யும் வழக்கத்தின் பலம் பெரியது. தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும். அச்சு தேயத் தொடங்கிய பிறகும் வாட்ச் பல மாதம் சரியான நேரம் காட்டக்கூடும். நேரம் தவறும்வரை காத்திருந்தால் பாகமே போய்விடும். மாற்றுப் பாகம் அரிதான எச்.எம்.டி. போன்ற வாட்சுக்கு அது பேரிழப்பு. பின்மூடியையும் சாவித் திருகையும் காக்கும் ரப்பர் வளையம் காலத்தால் இறுகி வெடிக்கும் என்பதும் காலக் கணக்குக்கு ஆதரவான வாதம். சர்வீஸுக்குப் பிரிக்கும்போதுதான் டயலுக்கு அடியில் பரவும் துரு கண்ணில் படுகிறது.

இதே வழக்கத்தின் குறையும் சிறியதல்ல. வாட்சைத் திறப்பதே ஓர் ஆபத்து. திருகாணியின் வரி சிதையலாம், பேலன்ஸ் வீலின் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங் வளையலாம், தூசி நுழையலாம். தேர்ந்த கைகள் குறைந்துவரும் காலத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. பாகங்களைப் பிரிக்காமலே பெட்ரோலில் அலசி, மேலாக எண்ணெய் விட்டுத் தருவதையும் சில கடைகளில் சர்வீஸ் என்றே சொல்கிறார்கள். அதில் பழைய பிசின் குழிக்குள்ளேயே தங்கும். புது எண்ணெய் அதோடு சேர்ந்து அழுக்கை இன்னும் பரப்பும். ‘புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்’ என்று டயலுக்குப் புதிதாகச் சாயம் பூசுவதும், வேறு வாட்சின் முள்ளை மாட்டுவதும், உறையை மெருகேற்றி அதன் கூர் விளிம்புகளை மழுக்குவதும் இதைவிடப் பெரிய இழப்பு. தாத்தாவின் வாட்ச் என்ற மதிப்பு அதன் மங்கிய டயலிலும் கீறலிலும்தான் இருக்கிறது. செலவும் கணக்கில் வர வேண்டும். முழு சர்வீஸின் கட்டணம் சாதாரண சாவி வாட்சின் சந்தை விலையை எளிதில் நெருங்கும். ஆண்டுக்கு நான்கு நாள் கட்டும் வாட்சுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைச் செலவழிப்பது பொருளும் ஆபத்தும் சேர்ந்த சுமை.

‘ஓடுகிறவரை ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது எதிர்த்தரப்பு வழக்கம். செலவில்லை, அசல் பாகங்கள் கலையாமல் இருக்கும் என்பன இதன் நன்மைகள். ஆனால் நின்ற பிறகுதான் பார்ப்பது என்றால், அதுவரை எண்ணெய் இல்லாமல் ஓடிய நாட்களின் சேதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிறது. இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு: எண்ணெய் உறையாமலிருக்க வாரம் ஒருமுறை சாவி கொடுத்து ஓட்ட வேண்டும் என்பது. எண்ணெய் நல்ல நிலையில் உள்ள வாட்சுக்கு அதனால் தீங்கில்லை. பல பத்தாண்டுகளாகத் திறக்காத வாட்சுக்கோ அதுவே தேய்மானத்தை வளர்க்கும் வேலை.

வட்டாரச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில், கிரைண்டிங் இயந்திரத்தில் இரும்பைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் மேக்னெட் சக் அருகே வேலை செய்பவர் கட்டியிருக்கும் சாவி வாட்சின் ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டலாம். அப்போது வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். இதற்கு முழு சர்வீஸ் தேவையில்லை; காந்தம் நீக்கும் சிறு கருவியில் சில நொடிகள் வைத்தால் போதும். கிருஷ்ணகிரியின் கிரானைட் வெட்டும் தூசியும், ஆலைகளின் உலோகத் தூளும் ரப்பர் வளையம் கெட்ட வாட்சுக்குள் எளிதில் நுழையும். வியர்வையும் மழையும் அதைவிட மோசம். சாவித் திருகின் தண்டு வழியாக இறங்கும் ஈரம் முதலில் அந்தத் தண்டையே துருப்பிடிக்க வைக்கும். திருகை மெல்ல இழுக்கும்போது சொரசொரப்பாக உணர்ந்தாலோ, கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தாலோ, அது எண்ணெய்ப் பிரச்சினை அல்ல. உடனே திறந்து பார்க்க வேண்டிய அபாயம்.

ஆக, இரு வழக்கங்களுக்கும் நடுவே நிற்பது அளந்து பார்த்து முடிவு செய்யும் முறை. இதன் முதல் படியை வீட்டிலேயே செய்யலாம். மெதுவாக முழுச் சாவி கொடுத்து, கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, முகப்பை மேலே பார்க்க ஒரு நாளும், திருகு கீழே இருக்கும்படி நிறுத்தி ஒரு நாளும் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தாலோ, முழுச் சாவி கொடுத்தும் ஒரு நாளைக்கு முன்பே நின்றாலோ, உள்ளே உராய்வு கூடியிருக்கிறது என்று பொருள். இரண்டாம் படி, வாட்ச் கடையில் உள்ள டைம்கிராஃபர் கருவி. அது வாட்சின் டிக் ஒலியைக் கேட்டு, பேலன்ஸ் வீல் எத்தனை பாகை ஆடுகிறது என்பதைச் சொல்லும். முழுச் சாவியில், முகப்பு மேலே இருக்கும் நிலையில், 250 முதல் 300 பாகை பொதுவாக நல்ல அறிகுறி. 200-க்குக் கீழே இறங்கினால் சர்வீஸ் தள்ளிப்போட முடியாதது. இந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும், வாட்சைப் பிரிக்கவும் வேண்டாம். ஆனால் தொடக்கத் துருவையும் இறுகிய ரப்பர் வளையத்தையும் இது காட்டாது. எனவே சோதனை முடிவு நன்றாக இருந்தாலும் ஈரத்தின் அறிகுறிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு மூன்று வகை முடிவுக்கு வரலாம். நினைவுப் பொருளாக மட்டும் வைத்திருக்கும் வாட்சுக்கு சர்வீஸ் வேண்டாம். சாவி கொடுக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பையோடு ஒரு டப்பாவில் வைத்து, ஸ்பீக்கர், காந்தப் பூட்டுள்ள கைப்பை போன்றவற்றிலிருந்து விலக்கி வைத்தால் போதும். ஆண்டுக்குச் சில நாள் கட்டும் வாட்சை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அளவு குறைந்தால் மட்டும் பிரிக்கலாம். நெடுங்காலம் கிடந்த வாட்சை வாரந்தோறும் கட்ட எண்ணினால், முதலில் ஒருமுறை முழு சர்வீஸ் செய்துவிட்டே கட்டத் தொடங்க வேண்டும். நனைந்த வாட்ச் எந்த வகையானாலும் காத்திருக்கக் கூடாது.

சர்வீஸ் என்று முடிவானால், பாகங்களை முழுதாகப் பிரிப்பாரா, டயலையும் முள்ளையும் உறையையும் தொடாமல் விடுவாரா, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவாரா என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். அருகில் தேர்ந்த கை இல்லையென்றால், கிடைக்கும்வரை சாவி கொடுக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு. பழைய வாட்ச் மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்புறத்தில் கூர்முனையால் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் சிறிதாகக் கீறி வைப்பார்கள். ஒரு வாட்ச் கடைசியாக எப்போது எண்ணெய் கண்டது என்பதற்கு அந்தக் கீறலே பெரும்பாலும் ஒரே சாட்சி. இன்று சர்வீஸ் செய்பவர்கள் அந்தத் தேதியை ஒரு சீட்டில் எழுதி வாட்ச் டப்பாவில் போட்டு வைக்கட்டும். அடுத்து அந்த வாட்சைக் கையில் எடுப்பவர் ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியிருக்காது.