ஹார்ப் பாடகியும் இரு கட்சி ரஸிகர்களும்

அமெரிக்க நாட்டுப்பாடலின் அண்மைக்காலச் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் சில ஆண்டுகளாகச் செலாவணியாகி வருகிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோவானா நியூசம் 2004-ல் தம் முதல் இசைத்தட்டில் குழந்தைக் கீச்சுக்குரலை வலிந்து வரவழைத்துக்கொண்டு பாடினார் என்றும், 2009-ல் குரல் நாண்களில் முடிச்சு விழுந்து இரண்டு மாத காலம் பாடவோ பேசவோ முடியாமல் மௌனமாக இருந்து மீண்ட பிறகே அவருக்குச் சாரீரம் பக்குவப்பட்டது என்றும், ஆகையால் 2010-ல் வெளிவந்த ‘ஹாவ் ஒன் ஆன் மீ’ தொகுதியிலிருந்துதான் அவரை முழுக் கலைஞராகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அவரை வெறுத்தவர்களுக்கு, தாங்கள் அன்று சொன்னது சரிதான் என்ற திருப்தியை இது தருகிறது. அவரை நேசித்தவர்களுக்கோ, பழைய சண்டையைக் கௌரவமாக முடித்துக்கொள்ள ஒரு வழியைக் காட்டுகிறது. இரு கட்சிக்கும் இவ்வளவு சௌகரியமாக அமைந்துவிட்டதனாலேயே இதை யாரும் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. பரிசோதித்தால் நிற்காது என்பது என் கட்சி.

முதலில் சண்டையின் ஸ்வரூபத்தைப் பார்ப்போம். வெறுப்பவர்கள் நான்கு குற்றம் சாட்டுகிறார்கள்: குரல் காதைக் கிழிக்கிறது, பாட்டுக்கள் பதினேழு நிமிஷம் வரை நீள்கின்றன, சொற்கள் அகராதியின் பரண்மேலிருந்து இறக்கியவை, ஹார்ப் என்பதோ தேவதூதர்களுக்கும் சீமாட்டிகளின் வரவேற்பறைகளுக்கும் உரிய வாத்தியமேயன்றி நாட்டுப்பாடலுக்கு உரியதல்ல. நேசிப்பவர்கள் இவற்றுக்குப் பதில் சொன்னார்களா என்றால், இல்லை. வனதேவதை என்றும், காட்டில் வளர்ந்த அதிசயக் குழந்தை என்றும் ஸ்தோத்திரம் பாடினார்கள். குழந்தைத்தனம் என்ற பட்டத்தை நியூசமே பேட்டிகளில் மறுத்திருக்கிறார். அவர் பேச்சை அன்பர்களும் கேட்கவில்லை, பகைவர்களும் கேட்கவில்லை. ஒரு கட்சி இகழ்ந்ததும் மற்றக் கட்சி புகழ்ந்ததும் ஒரே கற்பனைக் குழந்தையைத்தான்.

இந்தக் குருட்டுத்தனம் எங்கிருந்து வந்தது? ஹார்வர்டில் பிரான்சிஸ் சைல்ட் என்ற பண்டிதர் 1882 முதல் 1898 வரை 305 கதைப்பாடல்களை ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மாற்றினார். சிசில் ஷார்ப் 1916-ல் தொடங்கி அப்பலாச்சிய மலைகளில் ஏறி இறங்கி, அந்தப் பாட்டுக்கள் உயிரோடு நடமாடுவதைக் கண்டார். 1952-ல் ஹாரி ஸ்மித் பழைய கிராமபோன் தட்டுகளிலிருந்து 84 பாட்டுக்களைத் தேர்ந்து வெளியிட்டார். இவையெல்லாம் வாசகர் அறிந்தவை. அதன் பிறகு நடந்ததுதான் நம் வழக்குக்கு முக்கியம். 1960-ல் ஜோன் பேயஸ் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, மலைநாட்டுக் கதைப்பாடல் மாசுமறுவற்ற உச்சஸ்தாயிக் குரலொன்றில் குடியேறியது. அழகான குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் நகரத்துக் காதுகள் அன்று முதல் அந்தப் பளிங்குத் தூய்மையையே நாட்டுப்பாடலின் இலக்கணமாகக் கொண்டுவிட்டன. இரண்டே ஆண்டுகளில் பாப் டிலன் மூக்கால் பாடிக்கொண்டு வந்தார். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் விரைவில் அந்தக் கரகரப்பே ஞானத்தின் அடையாளமாகிவிட்டது. ஆணின் முரட்டுக்குரல் அநுபவம். பெண்ணின் முரட்டுக்குரல் பாவனை! கேரன் டால்டன் என்ற பாடகி, 1969-லும் 1971-லும் இரண்டே இசைத்தட்டுகளைத் தந்துவிட்டு, அடங்கிய, விரிசல் விழுந்த, மறக்கவொண்ணாத குரலோடு ஏறக்குறைய அநாமதேயமாக 1993-ல் மறைந்தது இந்த நியாயத்தின் விளைவு என்றே நினைக்கிறேன்.

நியூசத்தின் முதல் இசைத்தட்டான ‘தி மில்க்-ஐட் மெண்டர்’ பெரும்பாலும் அவர் சொந்தமாகக் கட்டிய பாட்டுக்களால் ஆனது. அவற்றினிடையே ‘த்ரீ லிட்டில் பேப்ஸ்’ என்ற ஒரு பழம்பாட்டு இருக்கிறது. செத்துப்போன மூன்று குழந்தைகள் ஓரிரவு தாயிடம் திரும்பி வரும் கதை. சைல்ட் தொகுப்பில் 79-ஆம் எண். இதை அவர் கற்றது டெக்ஸஸ் கிளாடன் பாடிய பாடத்திலிருந்து. பெயரில் டெக்ஸஸ் இருந்தாலும் இந்த அம்மாள் 1895-ல் வர்ஜீனியாவில் பிறந்து 1966-ல் மறைந்தவர். பாஞ்சோவிலும் பிடிலிலும் புகழ்பெற்ற ஹோபர்ட் ஸ்மித்தின் தமக்கை. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1941-ல் இவர் பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பதிவைக் கேட்டவர்கள் அறிவார்கள்: அழுத்தம் சிறிதுமின்றி, தாயின் துக்கத்தைத் தன் துக்கமாக நடித்துக் காட்டாமல், கூரிய, சற்றே வெடிப்புள்ள குரலில், சொல்லின் விளிம்பில் நொடிப்பொழுது மேலே எற்றிவிட்டு விழும் சிறு சிறு அசைவுகளோடு அந்தக் கதை சொல்லப்படுகிறது. நியூசத்தின் ‘கீச்சு’ எந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்றது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம். பேயஸின் பளிங்கோடு ஒத்துப் பார்த்தவர்களுக்கு அது விகாரமாகப் பட்டது; கிளாடனோடு ஒத்துப் பார்த்தால் ஸம்பிரதாய சுத்தமாகப் படும்.

இன்னொரு பெயரும் இங்கே வர வேண்டும். நியூசம் தம் முன்னோடிகளில் ஒருவராக எடுத்துச் சொல்லியும் விமர்சகர்கள் கடந்துபோகிற பெயர் அது. ரூத் கிராஃபர்ட் சீகர், 1931-ல் எழுதிய நால்வர் தந்திக்குழு இசையொன்றினால் அமெரிக்க நவீன சங்கீதத்தின் முன்வரிசையில் நின்றவர். பிறகு தம் சொந்தச் சிருஷ்டியை ஏறக்குறைய ஒதுக்கி வைத்துவிட்டு, லோமாக்ஸ் குடும்பத்தார் சேகரித்த நாட்டுப்பாடல்களை ஸ்வரப்படுத்த உட்கார்ந்தார். பாடுகிறவரின் தாளம் எங்கே அரை மாத்திரை நழுவுகிறது, ஸ்வரம் எங்கே இரண்டு ஸ்வரங்களுக்கிடையே தொங்குகிறது என்பதையெல்லாம் அவர் பிழையென்று திருத்தாமல் அப்படியே எழுதினார். 1941-ல் வந்த ‘அவர் சிங்கிங் கண்ட்ரி’ நூலுக்காக அவர் எழுதிய நீண்ட ஆராய்ச்சி, மிக நீண்டது என்று விலக்கப்பட்டு, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு அருகில், 2001-ல்தான் தனிநூலாக அச்சேறியது. நாட்டுப்பாடலின் கரடுமுரடுகள் பாமரத்தனத்தால் வந்தவை அல்ல, நுட்பமான சங்கீத நிர்மாணத்தின் அங்கங்கள் என்ற உண்மையை இவரைப்போல உழைத்து நிலைநாட்டியவர் வேறு யாரும் இல்லை. கிளாடனின் தொண்டையும் கிராஃபர்டின் செவியும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன விளையும் என்ற கேள்விக்கு விடையாக வந்தவர் நியூசம். ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் அவர் பயின்ற பாடங்களில் சங்கீத அமைப்பும் ஒன்று என்பது நினைவிருக்கட்டும். ‘காட்டுக் குழந்தை’க்கு ஸ்வரம் எழுதத் தெரியும்.

ஹார்ப்புக்கு வருவோம். சீமாட்டிகளின் வாத்தியம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில். அயர்லாந்தில் கம்பி நரம்பை நகத்தால் மீட்டி ஊர் ஊராகப் போனவர்களின் கடைசித் தலைமுறை 1792-ல் பெல்பாஸ்ட்டில் கூடியபோதே அந்த மரபு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1810-ல் பாரீஸின் எரார் ஏழு மிதிகட்டைகளுள்ள இரட்டை இயக்க ஹார்ப்பைச் செப்பனிட்ட பின் அது வாத்தியக் கோஷ்டிக்குள் போய் உட்கார்ந்தது. (யாழைப் பறிகொடுத்துவிட்டு, விபுலானந்த அடிகளின் 1947-ஆம் ஆண்டு நூலில் அதைத் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு நரம்புக்கருவி ஜனங்களிடமிருந்து எப்படி நழுவிப் போகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.) 1968-ல் ‘ஆஃப்ரோ-ஹார்ப்பிங்’ வெளியிட்ட டெட்ராயிட்டின் டாரதி ஆஷ்பி அதை ஜாஸுக்குக் கொண்டுவந்தார், ஆலிஸ் கோல்ட்ரேன் பக்திக்குக் கொண்டுபோனார், பிரிட்டனி நாட்டு ஆலன் ஸ்டிவெல் 1971-ல் ஓர் இசைத்தட்டின் வழியாகக் கெல்டிய ஹார்ப்பின் மறுமலர்ச்சியைப் பிரகடனம் செய்தார். ஸ்டிவெலின் அந்தத் தட்டு அழகானதுதான். பின்வந்தவர்கள் பலரிடம் அது வெறும் மூடுபனியாகிவிட்டது.

நியூசம் சென்ற வழி வேறு. நெவாடா சிட்டி என்ற, தங்க வேட்டைக் காலத்துச் சிற்றூரில் வளர்ந்த அவர், சிறு கெல்டிய ஹார்ப்பில் தொடங்கிப் பெரிய மிதிகட்டை ஹார்ப்புக்கு ஏறும் பருவத்திலேயே, மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா வாத்தியத்தின் முறைகளை ஆசிரியை ஒருவர் வழியாகக் கற்றார். கோரா, சுரைக்குடத்தின்மேல் 21 நரம்பு பூட்டியது. கட்டைவிரல்களும் சுட்டுவிரல்களும் மட்டுமே வேலை செய்யும். ஒரு கை மூன்றாக நடக்க மறு கை நான்காக நடக்கும். இந்த நடைபேதத்தைத்தான் அவர் எரார் வகுத்த பெரிய வாத்தியத்துக்குள் நுழைத்தார். அதன்மேல் குரல் மூன்றாவது நடையில் செல்கிறது: வாக்கியம் தாளத்தின் எல்லையில் முடியாமல் தாண்டிச் செல்ல, எதுகை எதிர்பாராத இடத்தில் வந்து விழுகிறது. அந்தக் குரலில் கூர்மை இல்லாவிட்டால் நரம்புகளின் நெரிசலில் ஓரெழுத்தும் வெளியே கேட்காது. ஆகவே சாரீரத்தைத் தனியே பிரித்துத் தராசில் வைக்கிறவர், ஒரு சங்கதியின் பாதியை அறுத்து வைத்துக்கொண்டு அது முடமாக இருக்கிறதென்று புகார் சொல்கிறவரே ஆவார்.

2003-ஆம் ஆண்டையொட்டிப் பத்திரிகைகள் ‘புதிய விசித்திர அமெரிக்கா’ என்றும், ‘விபரீத நாட்டுப்பாடல்’ என்றும் ஒரு கூட்டத்துக்குப் பெயர் சூட்டி நியூசத்தையும் அதில் அடைத்தன. அதன் நற்பலன் ஒன்றுண்டு: 1970-ல் ஒரே தட்டோடு மறக்கப்பட்டுப்போன வஷ்டி பன்யன் 2005-ல் மீண்டும் பாட வந்தார், அப்போது வந்த புதிய தட்டில் நியூசம் ஹார்ப் வாசித்திருக்கிறார். மற்றபடி அது தாடியும் மணிமாலையும் சேர்ந்த சோம்பேறிக் கேளிக்கை.

2006-ல் வந்த ‘ஈஸ்’ அந்தக் கூட்டத்துக்கும் அவருக்கும் இருந்த தூரத்தைக் காட்டிவிட்டது. கடலில் அமிழ்ந்ததாகக் கதை சொல்லும் பிரிட்டனி நகரமொன்றின் பெயர் அது; ஸ்டிவெலின் தட்டிலும் முதல் உருப்படியின் பெயர் அதுவே. ஐந்தே பாட்டுக்கள், ஐம்பத்தைந்து நிமிஷம். ஹார்ப்பையும் குரலையும் ஸ்டீவ் ஆல்பினி ஒப்பனையின்றிப் பதிந்து கொடுக்க, அதன்மேல் வான் டைக் பார்க்ஸ் வாத்தியக் கோஷ்டியைச் சேர்த்தார். முதல் பாட்டு வான்பௌதிகம் பயின்ற தங்கையைக் குறித்தது. விண்கல்லுக்கும் எரிகல்லுக்கும் உள்ள வேற்றுமையை அது சொல்லும் இடத்தில் விஞ்ஞானம் தலைகீழாக இருக்கிறது, இதைக் கண்டுபிடித்துச் சிரித்தவர்கள் உண்டு. பழங்கதைப்பாடல்களில் பூகோளம் எந்த நாளில் சரியாக இருந்தது? பண்ணையிலிருந்து தப்பி ஓடும் குரங்கும் கரடியும் பற்றிய இரண்டாம் பாட்டில், விடுதலை வாக்களித்த குரங்கே புதிய எஜமானனாகிக் கரடியை ஆடவைப்பதும், இறுதியில் அது கடலில் இறங்கித் தன் உடலையே கழற்றிவிடுவதும், எந்தப் பிரசங்கமும் இன்றி நிகழ்கின்றன. இப்படியொரு கதைப்பாடலை அச்சுப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், புதிதாக, பழைய வலிமையோடு கட்டியவர் அவருடைய தலைமுறையில் வேறெவர்?

குறை இல்லாமலில்லை. பார்க்ஸின் கோஷ்டி, கதாகாலட்சேபத்தில் பாகவதர் வாயைத் திறக்குமுன் ‘ஆமாம்’ போடும் பின்பாட்டுக்காரர்போல, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அபிநயம் பிடிக்கிறது. அதனால்தான் ஐந்தில் அது நுழையாத ஒரே பாட்டான ‘சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்’, ஏறக்குறைய பத்து நிமிஷம் ஹார்ப்பும் குரலும் மட்டுமாக நடந்து, மற்ற நான்கையும் விஞ்சி நிற்கிறது. நாட்டுப்பாடல் இந்த நூற்றாண்டில் எந்தத் திசையில் போகலாம் என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடியது இந்தப் பாட்டைத்தான்.

2010-ன் ‘ஹாவ் ஒன் ஆன் மீ’ தொகுதியின் மூன்று தட்டுகளில் பதினெட்டுப் பாட்டுக்கள் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் ஓடுகின்றன. நெவாடா சிட்டிக்குப் பக்கத்துக் கிராஸ் வேலியில் ஒரு காலத்தில் குடியிருந்த நாட்டியக்காரி லோலா மாண்டெஸைப் பற்றிய தலைப்புப் பாட்டும், ‘பேபி பர்ச்’ என்ற துயரப் பாட்டும் உயர்ந்தவை என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. குரல் மிருதுவாயிற்று, உண்மை. ஆனால் கூர்மை போன இடத்தில் நடைபேதமும் தளர்ந்தது, பியானோ வந்து உட்கார்ந்தது, வாக்கியம் தாளத்துக்குள் ஒழுங்காக அடங்கிப் படுத்தது. 2015-ன் ‘டைவர்ஸ்’ இதைவிடச் செறிவானது. அதன் இறுதிச் சொல் பாதியில் அறுந்து முதற்பாட்டின் தொடக்கத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியத்தை யாரும் பாராட்டாமலிருக்க முடியாது. எனினும் அது சாமர்த்தியம். ‘ஈஸ்’ அதைவிட ஆபத்தான ஒன்று. பக்குவம் என்று விமர்சகர்கள் கொண்டாடுவது, பேயஸின் பளிங்குக்குப் பழகிய காதுகளுக்கு அவர் ஓரளவு அருகே வந்ததைத்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடகியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் டெக்ஸஸ் கிளாடன் பாடிய ‘த்ரீ லிட்டில் பேப்ஸ்’ பதிவைக் கேளுங்கள். அடுத்து நியூசம் பாடிய அதே பாட்டைக் கேளுங்கள். மூன்றாவதாக ‘சாடஸ்ட் அண்ட் டயமண்ட்ஸ்’ஸை, இடையில் எழுந்து போகாமல், முழுமையாகக் கேளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் உங்களோடு வாதிட மாட்டேன்.