சொல் நீங்கிய பாடல்: ரெகே ‘டப்’ இசையும் நீலகிரிக் கோத்தரின் கொள் இசையும்

டப் என்பது ஜமைக்கா நாட்டு ரெகே பாடல்களிலிருந்து பாடகரின் குரலைப் பெரும்பாலும் நீக்கி, பேஸ் கித்தாரையும் டிரம்மையும் முன்னிறுத்தி மறுகலவை செய்யப்படும் கருவியிசை வடிவம். கொள் என்பது நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர், நாதசுரம்போலச் சீவாளி பொருத்தி ஊதும் குழல். அதில் வாசிக்கப்படும் மெட்டுக்கும் அதுவே பெயர். தொடர்பில்லாத இரு தீவிர மரபுகள் இவை. எனினும் இரண்டும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன: சொல் இல்லாத இசை எதை நம்பிப் பொருள் தருகிறது?

தமிழர் செவிக்கு இக்கேள்வி புதிதன்று. நாதசுரத்தில் கீர்த்தனை ஒலிக்கும்போது சாகித்தியம் தெரிந்தவர் அதை மனத்துக்குள் பாடிக்கொள்கிறார். தெரியாதவருக்கு ராகமும் தாளமும் மட்டுமே கிடைக்கின்றன.

டப் தோன்றிய விதம்

1960களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரில், இசைத்தட்டின் ஒரு பக்கம் பாடலையும் மறுபக்கம் அதன் குரலற்ற வடிவத்தையும் பதியும் வழக்கம் ஏற்பட்டது. மறுபக்கத்தை ‘வெர்ஷன்’ என்றனர். பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து நடனம் நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’ குழுக்களுக்கு அது பயன்பட்டது. யூ-ராய் போன்றோர் அந்த இசையின்மேல் தாளத்தோடு பேசிப் புகழ்பெற்றனர்.

இவ்வடிவத்தைக் கலையாக உயர்த்தியவர் கிங் டப்பி (1941–1989). மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவர். ஒரு தடத்தை அணைப்பது, திடீரெனத் திறப்பது, எதிரொலி சேர்ப்பது, பாடகரின் ஒரு சொல்லை மட்டும் மிதக்கவிட்டு உடனே இழுத்துக்கொள்வது ஆகியன அவருடைய உத்திகள். ஆகஸ்டஸ் பாப்லோவின் தயாரிப்பில் ஜேக்கப் மில்லர் பாடிய காதல் பாடல், அவர் கையில் ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ என்னும் வேறொரு படைப்பாயிற்று. கலவைப் பலகையே அங்கு வாத்தியம்.

‘கார்வீஸ் கோஸ்ட்’

பர்னிங் ஸ்பியர் 1975இல் வெளியிட்ட ‘மார்கஸ் கார்வி’ இசைத்தொகுப்பு, கறுப்பின மக்களின் தலைவரான மார்கஸ் கார்வியை (1887–1940) அவருடைய மக்களே மறந்ததை எண்ணி வருந்துகிறது. அதிலுள்ள ‘ஸ்லேவரி டேஸ்’ பாடல் அடிமைக் காலத்தின் நினைவைக் கேட்போரிடம் மீண்டும் மீண்டும் கேட்டு நிற்கிறது. 1976இல் இத்தொகுப்பின் டப் வடிவம் ‘கார்வீஸ் கோஸ்ட்’, அதாவது கார்வியின் ஆவி, என்ற பெயரில் வந்தது. ‘ஸ்லேவரி டேஸ்’ அதில் ‘ஐ அண்ட் ஐ சர்வைவ்’ எனப் பெயர் மாறியது.

மூலப் பாடலை அறிந்தவருக்குக் குரல் விலகிய இடத்தில் அந்தக் கேள்வி தானே எழுகிறது. அறியாதவருக்கு இதமான பேஸ் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. நினைவைப் பற்றிய பாடல் இவ்வாறு கேட்பவரின் நினைவுக்கே சோதனையாகிறது. இதுவே இத்தொகுப்பின் சிறப்பு. கலவையின் அடக்கம் இதன் குறை. டப்பியின் துணிச்சல் இதில் இல்லை. குரல் விலகிய வெற்றிடம் பல இடங்களில் வெற்றிடமாகவே நின்றுவிடுகிறது.

கோத்தர் இசை

கோத்தருக்கு நீலகிரியில் ஏழு பழைய ஊர்கள் உண்டு. கொள்ளுடன் உருளை வடிவ முழவுகள், தபட்டை, கொம்பு ஆகியவை சேரும். முற்காலத்தில் தோடர், படகர் சடங்குகளுக்கும் இவர்களே வாசித்தனர். தானியம் முதலியவற்றைப் பெற்றனர். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது. இசை கோத்தரின் சொந்தச் சடங்குகளில் நிலைத்தது.

ரிச்சர்ட் உல்ஃப் கோத்தர் இசையை விரிவாக ஆராய்ந்து ‘தி பிளாக் கௌஸ் ஃபுட்பிரின்ட்’ என்னும் நூலை எழுதினார். தெய்வத்துக்குரிய மெட்டு, ஆட்டத்துக்குரிய மெட்டு, இறப்புச் சடங்குக்குரிய மெட்டு எனக் கொள் இசை நிகழ்ச்சியை ஒட்டி வகைப்படுகிறது. சாவு மெட்டைத் தேவையின்றி வாசிப்பதைக் கோத்தர் தவிர்ப்பர். எனவே மெட்டைக் கேட்டதுமே என்ன நடக்கிறது என்பது ஊராருக்குப் புரியும்.

மதிப்பீடு

இரண்டையும் ஒன்றெனக் கருதுவது பொருந்தாது. டப், முன்பே பதிவான பாடலைப் பிரித்து அமைப்பது. கொள் மெட்டு அவ்வாறு பாட்டிலிருந்து குரலை எடுத்துப் பெற்றதன்று. டப்புக்குப் பின்னால் ஒரு பாடல் நிற்கிறது. கொள்ளுக்குப் பின்னால் ஒரு சடங்கு நிற்கிறது. அந்தத் துணையை அறிந்தவர் இருக்கும்வரைதான் இசை முழுமையாகப் பேசும்.

ஆபத்தும் இங்குதான். சுற்றுலா மேடையில் கொள் சில நிமிடம் ஒலித்தால் அது ‘பழங்குடி நடனம்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிடும். தெய்வ மெட்டா, ஆட்ட மெட்டா என்று யாரும் கேட்பதில்லை. உணவகத்தில் பின்னணியாக ஓடும் டப்பிலும் அடிமை வரலாறு யார் காதிலும் விழுவதில்லை. ஒலி கெடாமல் இருந்தும் பொருள் போய்விடுகிறது.

ஆகவே ஒலிப்பதிவை மட்டும் பாதுகாத்தால் போதாது. கொள் இசையைப் பதிவு செய்வோர் எந்த ஊர், எந்தச் சடங்கு, எந்தக் கட்டத்தில் வாசிக்கப்பட்டது என்பதையும், அதைப் பொதுவில் வெளியிடலாமா என்ற ஊராரின் முடிவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். டப் கேட்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் ‘ஸ்லேவரி டேஸ்’ பாடலைக் கேட்டுவிட்டு, பிறகு ‘ஐ அண்ட் ஐ சர்வைவ்’ கேட்பது நல்லது. அந்த வரிசையில் கேட்டால் குரல் இல்லாத இடத்திலும் பாடல் கேட்கும்.