திரும்பி வராத வாடிக்கைக்காரர்

நாவலையும் சிறுகதையையும் விமர்சனம் செய்கிறவன் சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. நம்மில் பலர் வருஷத்தில் படித்து முடிக்கிற நாவல்களைவிட ஏறி இறங்குகிற ஹோட்டல்கள் அதிகம். மோசமான நாவலைப் பாதியில் மூடி வைத்துவிடலாம். ஹோட்டலில் பில்லைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

மே மாத விடுமுறையில் பத்து நாள் தூத்துக்குடியில் தங்கி, வேளைக்கொரு கடையாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். அங்கே கடைகள் இரண்டு வகை. வெளியூர்க்காரரை நம்பி நடப்பவை ஒன்று. உள்ளூர்க்காரரை நம்பி நடப்பவை மற்றொன்று. பெயர்ப் பலகையைப் பார்க்காமலே, இலையைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

முதல் வகையில் ஒன்றைச் சொல்கிறேன். குளிர்சாதன அறை. சுவரில் பாய்மரக் கப்பல் படம். ஒரு மூலையில் அலங்காரத்துக்கு மீன் வலை. சாப்பாட்டுப் பட்டியல் பன்னிரண்டு பக்கம். பன்னீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும் தாண்டிப் போனால் கடைசியில் வஞ்சிரம் வறுவல். வரவழைத்தேன். சிவப்பு மசாலா தடிமனாக அப்பியிருந்தது. அதை விலக்கினால் உள்ளே சக்கை மாதிரி ஒன்று. எங்கே பிடித்த மீன் என்று கேட்டேன். “ஃப்ரெஷ் மீன், ஸார்” என்றார் சர்வர். நான் கேட்டதற்கு அது பதிலாகாது. ஆனால் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசாங்கம் வைத்திருக்கிற தடை இது. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது; 2017 முதல் 61 நாள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற காலமும் ஏறக்குறைய இதுதான். படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற சமயமாகப் பார்த்து நாம் குடும்பத்தோடு போய் இறங்கி, பெரிய மீனாகக் கேட்கிறோம். ஹோட்டல்காரர் என்ன செய்வார்? மேற்குக் கரையில் தடை பிற்பாடுதான், ஜூன் மாதத்தில்தான் வருகிறது. அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததையோ, குளிர்பதனக் கிடங்கில் இருந்ததையோ எடுத்துக் கொடுப்பார். அது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் சுவரில் வலையைத் தொங்கவிடுவதுதான் குற்றம்.

இரண்டாவது வகைக் கடை ஒன்று சந்துக்குள் இருந்தது. நாலு பெஞ்சு, கை கழுவத் தெருவுக்கு வரவேண்டும். நடத்துகிற அம்மாள் என்னைப் பார்த்ததுமே, “சீலா கிடையாது அண்ணாச்சி. லாஞ்செல்லாம் கட்டிக் கெடக்கு. வள்ளத்து மீனுதான், சாளையும் நெத்திலியும்” என்று சொல்லிவிட்டார். வஞ்சிரத்தைத்தான் அந்தப் பக்கம் சீலா என்பார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. அவை கரைக்குப் பக்கத்தில் பிடித்து வருகிற சிறு மீன்தான் அந்தப் பருவத்துக்கு உரியது. தேங்காய் அரைத்துவிட்டு, மே மாதத்து மாங்காய் போட்ட சாளைக் குழம்பு. பன்னிரண்டு பக்கப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

குறையும் இருந்தது. குழம்பில் உப்புக் கூடுதல். பக்கத்து இலையில் இருந்த பெரியவர் விடவில்லை, “ஏம்மா, உப்பளத்தையே கொட்டிட்டியா?” என்று கடை முழுதும் கேட்கும்படி சொன்னார். மறுநாள் போனேன். உப்புச் சரியாக இருந்தது. அந்தப் பெரியவரும் வந்திருந்தார்.

விஷயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சந்துக் கடைக்குத் தினம் விமர்சகர் உண்டு; அவர் நாளைக்கும் வருவார். பெரிய ஹோட்டலுக்கு வருகிறவர் ஒருநாள் வருகிறார், போட்டோ பிடிக்கிறார், ரயிலேறிவிடுகிறார். திரும்பி வராத வாடிக்கைக்காரருக்காக யார் உப்பைச் சரிபார்ப்பார்கள்? வாசகனை மறுபடி சந்திக்கப் போவதில்லை என்று நினைத்து எழுதுகிறவனின் எழுத்தும் இப்படித்தான் ஆகிவிடும்.

உள்ளூர்ச் சரக்கு என்றால் ஆதிகாலம் தொட்டு அங்கேயே இருந்ததாக இருக்கவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. தூத்துக்குடியின் பெயர் பெற்ற மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஐரோப்பாவுடையது. அங்கே பாதாம் போட்டுச் செய்ததை இங்கே முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துச் செய்கிறார்கள். முந்திரியும் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்ததுதான். ஆனாலும் ஊரார் தலைமுறை தலைமுறையாக வாங்கித் தின்று, நன்று தீது சொல்லி, அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். வாயில் போட்டால் கரைகிறது. இதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

கடலோர ஊருக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். “வஞ்சிரம் இருக்கிறதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இன்றைக்கு என்ன வந்தது?” என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்த கடையில் உட்காரலாம். சாளைதான் என்றால் சாளையைச் சாப்பிடலாம். விலையும் குறைவு.