கோபத்தைச் சாடியில் அடைக்கலாமா?

ஸ்பெயினைச் சேர்ந்த அன்னா ல்யெனாஸின் ‘தி கலர் மான்ஸ்டர்’ என்ற படப்புத்தகம் 2012-இல் வெளிவந்தது. மனம் குழம்பி நிற்கும் ஒரு பூதத்துக்குச் சிறுமி ஒருத்தி உதவுகிறாள். மகிழ்ச்சி மஞ்சள், சோகம் நீலம், கோபம் சிவப்பு, பயம் கறுப்பு, அமைதி பச்சை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிச் சாடியில் சேர்க்கிறார்கள். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையும் சிவப்பைத் தொட்டுக் காட்டிவிடும். அது பெரிய உதவி.

ஆனால் தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஆசையும் பொறாமையும் பயமும் ஒன்றாகத்தானே வரும்? அதை எந்தச் சாடியில் போடுவது? கலந்திருப்பதே கோளாறு என்ற எண்ணத்தை இந்தப் புத்தகம் விதைத்துவிடுகிறது. கறுப்பைப் பயத்தின் நிறமாக்குவதும் எனக்கு உறுத்துகிறது. நிறத்துக்காகக் கேலிக்கு ஆளாகும் நம் ஊர்ப் பிள்ளையிடம் அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்துவிட்டுப் போக முடியாது.

மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) வேறு வழியில் போகிறது. ஓநாய் உடை போட்டுக்கொண்டு அட்டகாசம் செய்யும் மேக்ஸை, சாப்பாடு போடாமல் அறைக்கு அனுப்புகிறாள் அம்மா. அறை காடாகிறது, அவன் கடல் தாண்டிப் போய் காட்டுப் பூதங்களுக்கு ராஜாவாகிறான். முதலில் பக்கத்தின் நடுவே சிறிதாக இருக்கும் படம் அவன் ஆவேசத்தோடு வளர்ந்துகொண்டே வந்து, ஆட்டத்தின் உச்சத்தில் இரண்டு பக்கங்களையும் நிறைக்கிறது. அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. ‘இதுதான் கோபம்’ என்று யாரும் சொல்லாமலே, கோபம் பெருகுவதையும் வடிவதையும் குழந்தை கண்ணால் பார்த்துவிடுகிறது. பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்று அன்று சிலர் எதிர்த்தார்கள். ஆனாலும் 1964-இல் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

இதிலும் குறை உண்டு. உணர்ச்சியின் பெயரைச் சொல்லாத புத்தகம், கூட இருந்து பேச ஆள் இல்லாவிட்டால் வெறும் சாகசக் கதையாக நின்றுவிடும். இத்தாலிய மழலையர் பள்ளிகளில் நடந்த ஆய்வுகளிலும், கதையைக் கேட்டதோடு அதிலுள்ள உணர்ச்சிகளைப் பற்றிப் பேசவும் செய்த குழந்தைகளே அவற்றைக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பேச்சைத்தான் நாம் கெடுக்கிறோம். “இவன் மூஞ்சியில என்ன தெரியுது, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டால் கதை பரீட்சையாகிவிடுகிறது. பிள்ளை நம் முகத்தைப் பார்த்து விடை தேடும்.

படத்தில் மேக்ஸின் அம்மா வருவதே இல்லை. ஆனாலும் அவளுக்கும் கோபம் வந்தது. கடைசியில் சூடு ஆறாத சாப்பாட்டை அவன் அறையில் வைத்ததும் அவள்தான். “நேத்து நானும் இப்படித்தான் உன்னைப் பார்த்துக் கத்திட்டேன், இல்ல?” என்று பேச்சைத் தொடங்க அந்த இடம் வாகானது. சாடிக் கதையில் கோபப்படும் பெரியவரே இல்லை.